பழைய வீட்டுக் கராஜ் கதவு: செயினா, பெல்ட்டா, சுவர் மோட்டாரா?

எங்கள் வீடு 1957இல் கட்டியது. நியூஜெர்சியில் எடிசன் பக்கம் அந்தக் காலத்து வீடுகள் பல இதே அமைப்பில்தான் இருக்கின்றன. ஹாலிலிருந்து அரை மாடி ஏறினால் படுக்கையறை, அரை மாடி இறங்கினால் கராஜ். கராஜுக்கு நேர் மேலே மகளின் கட்டில். விடியற்காலையில் நான் காரை எடுப்பது தெருவுக்குத் தெரியாமல் போகலாம், அவளுக்குத் தெரியாமல் போகாது.

போன ஜனவரியில் ஒரு நாள் கராஜ் கதவை மேலே தூக்கித் திறக்கும் மோட்டாரின் பட்டனை அழுத்தினேன். மோட்டார் முனகியது, கதவு அசையவில்லை. பார்க்க வந்த ஆள் ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்த்தார். கதவு, ஸ்பிரிங், மோட்டார் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று 4,000 டாலருக்கு ஒரு தாளை நீட்டினார். உண்மையில் போயிருந்தது மோட்டாரைக் கிளப்பிவிடும் கப்பாசிட்டர், 20 டாலர் சாமான். ஆனாலும் அந்த மோட்டாரைக் கழற்றித் தூக்கித்தான் போட்டேன். ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன். புதிதாக எதை வாங்குவது என்று நண்பர்கள் வீட்டுக் கராஜ்களை எல்லாம் போய்ப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: ‘மோட்டார் கதவை இழுப்பது செயினாலா, பெல்ட்டாலா’ என்பது பழைய வீட்டில் மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி ஸ்பிரிங், இரண்டாவது கதவுக்கு மேலே உள்ள இடம்.

கதவைத் தூக்குவது மோட்டார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தூக்குவது ஸ்பிரிங். மோட்டார் கூட ஒரு கை கொடுக்கிறது, அவ்வளவுதான். அத்தனை பெரிய கதவுக்கு அரைக் குதிரைத்திறன் போதுவதும் அதனால்தான். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கதவை முழுக்க மூடிவிட்டு, மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுங்கள். மோட்டாருக்கும் கதவுக்கும் உள்ள பிடி விட்டுவிடும். கையால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி மெதுவாக விடுங்கள். விட்ட இடத்திலேயே நின்றால் ஸ்பிரிங் சரியாக இருக்கிறது. கதவு திறந்திருக்கும்போது மட்டும் அந்தக் கயிற்றை இழுக்கக் கூடாது. ஸ்பிரிங் அறுந்திருந்தால் மொத்தக் கதவும் சரிந்து கீழே வரும்.

எங்கள் கதவு தொப்பென்று இறங்கியது. மரக்கதவு. அறுபது வருடத்தில் எத்தனை கோட் பெயின்ட் ஏறியதோ, அடிப்பலகை மழை ஈரத்தை எவ்வளவு குடித்ததோ, ஸ்பிரிங் அந்தக் கனத்துக்குப் போட்டதல்ல. மிச்சக் கனத்தை இத்தனை வருடமும் பாவம் அந்த மோட்டார் இழுத்திருக்கிறது. இந்தக் கதவில் எந்த உசத்தி மோட்டாரை மாட்டினாலும் அதற்கும் அதே கதிதான்.

ஸ்பிரிங்கில் இரண்டு வகை. பழைய வீடுகளில் நிறையப் பார்ப்பது இழுவை ஸ்பிரிங். கதவு ஏறி இறங்கும் இரண்டு பக்கத் தண்டவாளத்தின் மேலும் நீளவாக்கில் இருக்கும், கதவு மூடும்போது இழுபட்டு நீளும். அதன் நடுவே ஒரு பாதுகாப்புக் கம்பி ஓட வேண்டும். இல்லையென்றால் அறுந்த ஸ்பிரிங் கராஜுக்குள் சவுக்கு மாதிரி வீசும். எங்கள் வீட்டில் அந்தக் கம்பி இல்லை. இன்னொன்று முறுக்கு ஸ்பிரிங், கதவுக்கு மேலே ஓர் இரும்புத் தண்டில் சுற்றியிருக்கும். அசைவு சீராக இருக்கும், அறுந்தாலும் பெரும்பாலும் தண்டிலேயே தங்கிவிடும். சாதாரண ஸ்பிரிங்குகளுக்கு 10,000 முறை திறந்து மூடும் ஆயுள் சொல்வார்கள். ஒரு நாளைக்கு நாலு முறை என்றால் ஏழு வருடம்கூட வராது. மற்ற வேலைகளை நானே செய்கிறவன்தான், ஆனால் ஸ்பிரிங்கில் கை வைப்பதில்லை. முறுக்கு ஏறிய ஸ்பிரிங் கை எலும்பை முறிக்கும். வேறொரு ஆளை வரவழைத்து, கதவின் எடைக்கு ஏற்ற இழுவை ஸ்பிரிங்குகளை ஜோடியாக மாற்றி, நடுவே கம்பியும் போடச் சொன்னேன்.

இனி மோட்டார்.

செயின் வகை சைக்கிள் செயின் போலத்தான். விலை குறைவு, நான் பார்த்தபோது 170 டாலர் அளவில் இருந்தது. கனமான கதவுக்கு அஞ்சாது, வருடக்கணக்கில் உழைக்கும். சத்தம்தான் குறை. அதிலும் செயினின் சத்தத்தைவிட, மோட்டாரைத் தொங்கவிட்டிருக்கும் இரும்புச் சட்டம் வழியாக மாடிக் கட்டைகளுக்கு ஏறும் அதிர்வுதான் தொல்லை. வீட்டை ஒட்டாமல் தனியாக நிற்கும் கராஜ் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், செயின்தான். மேலே ஆள் தூங்காத இடத்தில் பெல்ட்டுக்குக் கூடுதலாக நூறு டாலர் கொடுப்பது வீண்.

பெல்ட் என்பது உள்ளே எஃகு இழை ஓடும் ரப்பர் பட்டை. இந்த வகையில் இப்போது டிசி (நேர்மின்) மோட்டார்தான் அதிகம். மெதுவாகக் கிளம்பும், மெதுவாக நிற்கும், பேட்டரியும் வைத்துக்கொள்ளலாம். 2012இல் சாண்டி புயலின்போது இந்தப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது கனத்த கதவைக் கையால் தூக்கியவர்களுக்கு பேட்டரியின் அருமை தெரியும். கலிஃபோர்னியாவில் 2017 காட்டுத்தீயில் கரண்ட் போய்க் கராஜ் கதவைத் திறக்க முடியாமல் சிலர் மாட்டிக்கொண்டார்கள். அதன் பிறகு, 2019 ஜூலையிலிருந்து அங்கே வீடுகளுக்குப் புதிதாக மாட்டும் மோட்டாருக்கு பேட்டரி கட்டாயம்.

ஆனால் ஒன்று. செயினின் குற்றம் என்று நான் திட்டிக்கொண்டிருந்த சத்தத்தில் பாதி செயினுடையதே அல்ல. தேய்ந்த இரும்பு உருளைகள் தண்டவாளத்தில் உருண்ட சத்தம். நைலான் உருளை மாற்றி, கீல்களுக்கு எண்ணெய் விட்ட அன்றே வீடு பாதி அமைதியாகிவிட்டது. பெல்ட் வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள்.

திருகுத்தண்டு வகை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நீளமான மரையாணி சுழன்று கதவை இழுக்கும். பாகங்கள் குறைவு, ஆனால் கிரீஸ் போட்டுப் பராமரிக்க வேண்டும். குளிரில் கிரீஸ் இறுகித் திணறும். நியூஜெர்சி ஜனவரிக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எனக்கு ஆசை இருந்தது சுவர் மோட்டார் மேல். கதவுக்குப் பக்கத்தில் சுவரில் உட்கார்ந்து, முறுக்கு ஸ்பிரிங்கின் தண்டை நேரடியாகச் சுழற்றும். மோட்டாருக்கும் கதவுக்கும் நடுவே ஓடும் தண்டவாளம் கிடையாது, மாடிக் கட்டையில் எதுவும் தொங்காது, அதிர்வும் ஏறாது. விலை 400 டாலருக்கு மேல். எங்கள் கராஜில் மேலே ஹீட்டர் குழாய் ஓடுகிறது. செயின், பெல்ட் போல இழுக்கும் வகை மோட்டாருக்கு, கதவு வளைந்து ஏறும் உச்சிக்கு மேலே 2 அங்குலமாவது வேண்டும். எங்கள் வீட்டில் அளந்தால் மூன்றேகால். நூலிழையில் தப்பித்த கதை. சுவர் மோட்டார் என்றால் இந்தக் கவலையே இல்லையே என்று தோன்றியது.

அங்கேதான் சிக்கல். சுவர் மோட்டாருக்கு முறுக்கு ஸ்பிரிங்கின் தண்டு வேண்டும். எங்களுடையது இழுவை ஸ்பிரிங். மாற்றலாம் என்றால், முறுக்கு ஸ்பிரிங்குக்கு வழக்கமாகக் கதவுக்கு மேல் ஓர் அடி இடம் தேவை. எந்த இடப் பற்றாக்குறை என்னைச் சுவர் மோட்டார் பக்கம் தள்ளியதோ, அதே பற்றாக்குறை அங்கேயும் வழிமறித்தது. ஸ்பிரிங்கைப் பின்பக்கம் கொண்டுபோய் வைக்கும் முறை இருக்கிறது, ஆனால் அதற்குத் தண்டவாளம் முழுவதையும் மாற்ற வேண்டும்.

அதோடு சுவர் மோட்டார் கதவைக் கீழே தள்ளாது. தண்டைத் தளர்த்திவிடும், கதவு தன் கனத்தில் தானே இறங்க வேண்டும். மழைக்காலத்தில் ஊதி, சட்டத்தில் உரசிச் சிக்கும் பழைய மரக்கதவு பாதியில் நின்றுவிட்டால் கதவைத் தாங்கும் பக்கத்துக் கம்பிகள் தொய்ந்து நழுவும். அலுவலக நண்பர் ஒருவர் வீட்டில் இதே மோட்டார் பூனை மாதிரி வேலை செய்கிறது. அவருடையது புதிதாகப் போட்ட இரும்புக் கதவு, முறுக்கு ஸ்பிரிங், தலைக்கு மேல் தாராளமான இடம். கதவையும் சேர்த்து மாற்றுகிறவர்களுக்குச் சுவர் மோட்டார் நல்ல தேர்வு. பழைய கதவையே வைத்துக்கொள்கிறவர்களுக்கு அல்ல. நான் பெல்ட் வாங்கினேன்.

இப்போது பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்ற கேள்வி. கோவில்பட்டிக்கார நண்பர் ஒருவர் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டார். “அண்ணே, மோட்டார் ஓடுது, செயின் ஓட மாட்டேங்குது.” அவருடையது 2004இல் மாட்டிய செயின் மோட்டார். மூடியைக் கழற்றினால் உள்ளே துருவிய தேங்காய் மாதிரி வெள்ளைத் தூள். பிளாஸ்டிக் பல்சக்கரம் பல் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. அந்தச் சக்கரம் மெனக்கெட்டு பிளாஸ்டிக்கில் செய்தது. கதவு எங்காவது சிக்கினால் மோட்டார் எரியாமல் சக்கரம் தேயட்டும் என்ற கணக்கு. புதுச் சக்கரமும் கிரீஸும் சேர்ந்த ஒரு பெட்டி முப்பது டாலருக்குள், இரண்டு மணி நேர வேலை, வியர்வை தனி. இன்னும் ஓடுகிறது. அப்படிப்பட்டதைத் தூக்கிப் போடச் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

என்னுடையதும் அற்பப் பழுதுதான். ஆனால் அது 1993க்கு முந்தைய மோட்டார். அந்த வருடம் ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் வீட்டுக்கென்று தயாரிக்கும் கராஜ் மோட்டார்களுக்கு, குறுக்கே ஏதாவது இருந்தால் கண்டுகொண்டு கதவைத் திருப்பும் சென்சார் கட்டாயமானது. கீழே இறங்கும் கதவுகளில் சிக்கிக் குழந்தைகள் இறந்த பிறகு வந்த சட்டம். என் மோட்டாரில் சென்சார் ஒயருக்கு இடமே இல்லை. எட்டு வயதுப் பிள்ளை ஓடி விளையாடும் வீட்டில் அதற்குக் கப்பாசிட்டர் மாற்றி உயிர் கொடுக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் மாற்றச் சொன்ன அந்த ஆள் மோட்டார் விஷயத்தில் சொன்னது சரிதான். இந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தால் அவருக்கே வேலையைக் கொடுத்திருப்பேன்.

பழைய ரிமோட்டும் ஒரு காரணம். உள்ளே திறந்தால் பொடிப்பொடியாகச் சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். அவற்றைத் தள்ளி வைத்திருக்கும் விதம்தான் கதவின் ரகசிய எண். பன்னிரண்டு சுவிட்ச் என்றாலும் மொத்தம் 4,096 சேர்க்கைகள்தான். 2015இல் சாமி காம்கர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், குழந்தைகள் செய்தி அனுப்பி விளையாடும் பொம்மைக் கருவி ஒன்றை மாற்றியமைத்து, இந்த மாதிரிக் கதவுகளைப் பத்து நொடிக்குள் திறக்க முடியும் என்று காட்டினார். இப்போதைய ரிமோட் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் அந்த ரகசிய எண்ணை மாற்றிக்கொள்ளும்.

மாட்டும் வேலையில் மோட்டாரைவிட வீடுதான் நேரத்தைத் தின்றது. பழைய மோட்டாருக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், சீலிங் பல்ப் மாட்டும் ஹோல்டரில் ஒரு பிளக் அடாப்டரைத் திருகி அதில் சொருகியிருக்கிறார்கள். எர்த் கிடையாது. எலெக்ட்ரீஷியன் வந்து எர்த்தோடு, மின்கசிவு வந்தால் தானாக அணையும் பிளக் பாயின்ட் ஒன்று மேலே போட்டார். மோட்டாரைவிட அதற்கு ஆன செலவுதான் அதிகம்.

சென்சார் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. எங்கள் கதவுச் சட்டத்தின் அடிமரம் உளுத்துப்போய் ஸ்குரு பிடிக்கவில்லை, புதுக் கட்டை வைத்துத்தான் மாட்ட முடிந்தது. முதல் வாரம் சாயங்காலம் மட்டும் கதவு மூட மறுத்தது. மேற்கு வெயில் நேரே சென்சாரின் கண்ணில் விழுந்திருக்கிறது. ஒளியை அனுப்பும் பக்கத்தையும் வாங்கும் பக்கத்தையும் இடம் மாற்றினேன், சரியாகிவிட்டது. இரண்டாவது வாரம் ரிமோட் தெருவிலிருந்து வேலை செய்யவில்லை. காரணம், மோட்டாரில் நான் போட்ட மலிவான எல்இடி பல்ப். சில எல்இடி பல்புகள் ரேடியோ இரைச்சல் கிளப்பி ரிமோட்டை மழுங்கடிக்கும். கராஜ் மோட்டாருக்கென்றே விற்கிற பல்ப் வாங்கிப் போட்டேன்.

கடைசியாக ஒரு சோதனை. கதவு இறங்கும் இடத்தில் ‘இரண்டுக்கு நாலு’ என்று கடையில் விற்கும் மரக்கட்டையைத் தரையில் படுக்க வைத்துப் பட்டனை அழுத்த வேண்டும். கட்டையைத் தொட்டதும் கதவு திரும்பி மேலே போக வேண்டும். எங்கள் கதவு முதல் முறை கட்டையை அமுக்கிக்கொண்டு அப்படியே நின்றது. மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு எவ்வளவு இறங்க வேண்டும் என்ற அளவைக் கொஞ்சம் கூட்டி, விசையைக் குறைத்து மறுபடி வைத்தேன். மூன்றாவது முறைதான் தொட்டவுடன் திரும்பியது. கட்டை இப்போது கராஜ் மூலையில் சாத்தியிருக்கிறது. மாதம் ஒரு முறை எடுத்து வைத்துப் பார்க்கிறோம்.