பழைய பிக்கப்பின் பின் டிரம் பிரேக்: பழுதுபார்த்து, பெரிதாக்கி, ஓட்டிப் பார்த்த அனுபவம்

பழைய பிக்கப் வைத்திருப்பவர் பின் பிரேக் சரியில்லை என்று வாயைத் திறந்தால் போதும், "டிரம்மைக் கழற்றி எறிந்துவிட்டு டிஸ்க் போட்டுவிடுங்கள்" என்றுதான் முதல் யோசனை வரும். எனக்கும் அதையே சொன்னார்கள். நான் டிரம்மையே முழுதாகச் சரிசெய்தேன். பிறகு அதே மாடலின் கனரக வகைக்கு வந்த பெரிய டிரம்முக்கு மாறினேன். சுமையோடும் வெறும் வண்டியாகவும் சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு இதை எழுதுகிறேன். என் வண்டியில் டிரம் என்ற அமைப்பின் மீது ஒரு குறையும் இல்லை. சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள் விரிந்து, அதை உரசி நிறுத்தும் ஷூவின் இடைவெளியையும், பின்பக்கத்துக்கு வரும் அழுத்தத்தையும் நெடுநாள் யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

பெடல் பாதிக்குமேல் இறங்கிய பிறகே பிரேக் பிடித்தது. விட்டு உடனே மறுபடி மிதித்தால் மேலேயே கெட்டியாக நின்றது. இந்த அடையாளம் முக்கியம். இரண்டாம் மிதியில் பெடல் உயர்ந்து கெட்டியாக நின்றால், பெரும்பாலும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். பஞ்சுபோல் அமுங்கினால் குழாய்க்குள் காற்று இருக்கிறது. என் வண்டியில் ஹேண்ட் பிரேக் லீவரும் கடைசிப் பல்வரை வந்தது. முன் பேடுகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தேய்ந்தன. பின்சக்கரங்கள் தம் பங்கு வேலையைச் செய்யவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

டிரம் லேசில் வராது. உள்விளிம்பில் தேயாமல் நிற்கும் மேடு ஷூவைப் பிடித்துக்கொள்ளும். சுத்தியல் எடுப்பதற்கு முன் பின்தட்டில் (டிரம்முக்குப் பின்னால் ஷூவைத் தாங்கும் தட்டு) உள்ள ரப்பர் மூடியை எடுத்து, ஷூவின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைத் திருப்பி ஷூவைச் சுருக்க வேண்டும். பல டிரம்களின் முகத்தில் மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்டைப் போட்டு இரண்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கினால், டிரம் தானாகவே வெளியே தள்ளப்படும். வார்ப்பிரும்பை விளிம்பில் அடித்தால் விரிசல் விடும். அதற்குப் பிறகு அந்த டிரம்மை நம்ப முடியாது. உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. ஷூவின் மேலிருக்கும் உராய்வுப் படலமான லைனிங், பழையதாக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். பிரேக் கிளீனரால் நனைத்து, துணியால் துடைத்து எடுங்கள்.

இடப்பக்க டிரம்மைத் திறந்ததும் ஷூ ஆயிலில் நனைந்து கறுத்து மினுமினுத்தது. கசிவு எதிலிருந்து என்று கண்டுபிடிக்காமல் உதிரிபாகம் வாங்கக் கூடாது. ஷூவைத் தள்ளி விரிக்கும் வீல் சிலிண்டரிலிருந்து வருவது பிரேக் ஆயில். மெல்லியது, பெயிண்டைத் தின்னும். ஆக்சில் சீலைத் தாண்டி வருவது கியர் ஆயில். தடித்தது, கந்தக நெடி அடிக்கும். எனக்கு வந்தது இரண்டாவது. புதுச் சீல் போட்டதோடு விடாமல் ஆக்சில் குழலின் மேல் இருக்கும் காற்றுப்போக்கியையும் கழற்றிப் பார்த்தேன். சேறு அடைத்து இறுகியிருந்தது. ஆக்சில் சூடானதும் உள்ளே அழுத்தம் ஏறும். போக வழியில்லாமல் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வரும். இதைச் சுத்தம் செய்யாமல் எத்தனை சீல் போட்டாலும் மறுபடி ஒழுகும். ஆயில் ஊறிய லைனிங்கைக் கழுவி மாட்டுவதும் வீண்வேலை. சூடானதும் உள்ளே ஊறியது மறுபடி மேலே வரும். ஒரு பக்கம்தான் கெட்டது என்றாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையென்றால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும்.

பலரும் பார்க்காமல் விடும் ஓர் இடத்தை இங்கே சொல்ல வேண்டும். பின்தட்டில் ஷூவின் ஓரம் உட்கார்ந்து நகர்வதற்குச் சிறு மேடைகள் இருக்கும், ஒரு ஷூவுக்கு மூன்று வீதம். அழுக்கைத் துடைத்து விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். மேல் மேடைகள் இரண்டில் நகம் தடுக்கி நின்றது. ஷூ ஆண்டுக்கணக்கில் உரசிப் பள்ளம் விழுந்திருந்தது. ஷூ விரியும்போது அந்தப் பள்ளத்தில் மாட்டி நின்று, பிறகு சட்டென்று விடுபடுகிறது. மெதுவாக நிறுத்தும்போது கேட்ட 'டக்' என்ற ஒலி அதுதான். பள்ளத்தை வெல்டிங் வைத்து நிரப்பி, அரத்தால் சமமாக்கி, வெப்பம் தாங்கும் கிரீஸைப் பொட்டு அளவு தடவியதும் ஒலி நின்றது. புது ஷூ, புது ஸ்பிரிங் எல்லாம் போட்டும் இந்த மேடைகளை விட்டுவிட்டால் வேலை அரைகுறைதான்.

அட்ஜஸ்டர்களில் வகைகள் உண்டு. சில வண்டிகளில் பின்னோக்கி ஓட்டிப் பிரேக் மிதிக்கும்போது ஷூ தானாக நெருங்கும். என் வண்டியில் ஹேண்ட் பிரேக் போடும்போது நெருங்கும். கியரில் விட்டுவிட்டு இறங்கிப் போகும் பழக்கம் இருந்தால் இந்த வகை வேலையே செய்யாது. மரை துருவேறி இறுகிவிடும். என்னுடையது அப்படித்தான் கல்லாகியிருந்தது. இடது, வலது அட்ஜஸ்டர்களின் மரை எதிரெதிர்த் திசையில் இருக்கும் என்பதால் மாற்றிப் போட்டுவிடக் கூடாது. ஷூவைச் சக்கரம் லேசாக உரசும்வரை நெருக்கி, சில பற்கள் பின்வாங்கி, அதன் பிறகே ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொட வேண்டும். கேபிளை முதலில் இழுத்துவிட்டு ஷூவின் இடைவெளியை மறைப்பது மிகப் பரவலான தவறு. லீவர் சில பற்களிலேயே பிடித்துவிடும், பெடல் மட்டும் ஆழத்திலேயே இருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு பெடல் உயர்ந்தது. ஆனால் சுமையோடு போனால் பின் பிரேக் இன்னும் மந்தமாகவே இருந்தது. காரணம் லோடு சென்சிங் வால்வு. பிக்கப்பில் பின்பாரம் காலியாக இருக்கும்போது முழு அழுத்தம் போனால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். அதனால் சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஒரு கம்பியை இணைத்து, வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்பதைக் கொண்டு வால்வு அழுத்தத்தைத் திறந்துவிடுகிறது. சுமைக்காகப் பின் ஸ்பிரிங்கில் கூடுதல் லீஃப் பட்டை போட்டிருந்தேன். சுமை ஏற்றினாலும் வண்டி முன்போல் அமுங்குவதில்லை. வால்வோ, பாரம் ஏறவில்லை என்று எடுத்துக்கொண்டு அழுத்தத்தை மிச்சம்பிடித்தது. கம்பி மாட்டும் பிராக்கெட்டைப் புதிய உயரத்துக்கு ஏற்ப மாற்றி, பின்பக்க அழுத்தத்தை மீட்டர் வைத்து அளந்து சரிசெய்யச் செய்தேன். முழு வேலையிலும் மிகப் பெரிய மாற்றம் இதில்தான் கிடைத்தது. பின்பக்கத்தை உயர்த்தியவர்கள், பட்டை சேர்த்தவர்கள் எல்லாரும் முதலில் இதைப் பாருங்கள். மீட்டர் இல்லாமல் கண் மதிப்பில் திருகுவது ஆபத்து.

பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போதும் இந்த வால்வு குறுக்கே நிற்கும். சேசிஸை ஜாக்கியில் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டால் வால்வு பாதையை நெருக்கிவிடும். பின்பக்கம் ஆயில் சொட்டுச்சொட்டாகத்தான் வரும். ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து வண்டியின் எடை அதன்மேல் இருக்கும்படி வைத்துவிட்டு எடுங்கள். பிரேக் ஆயிலை டாட் 3 என்ற தரவகையிலிருந்து டாட் 4-க்கு மாற்றினேன். புதிதாக இருக்கும்போது டாட் 3-க்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ், டாட் 4-க்கு 230. ஈரம் உறிஞ்சிய பிறகு இவை 140, 155 ஆகக் குறைகின்றன. ஆக, எந்த ஆயிலை ஊற்றினோம் என்பதைவிட எப்போது மாற்றினோம் என்பதே பெரிது.

இனி டிரம்மைப் பெரிதாக்கிய கதை. பழைய 254 மி.மீ. டிரம், அதில் பொறித்திருக்கும் உச்ச விட்டத்தை நெருங்கிவிட்டது. லேத்தில் கடைந்தால் எல்லையைத் தாண்டிவிடும். எப்படியும் புது டிரம் வாங்க வேண்டிய நிலையில், 295 மி.மீ. டிரம்மையும் அதற்குரிய பின்தட்டு, ஷூ, வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக மாற்றினேன். ஷூ அதே விசையில் அழுத்தினாலும், ஆரம் கூடியதால் மட்டுமே நிறுத்தும் திருப்புவிசை சுமார் 16 சதவீதம் உயரும். பரப்பும் இரும்பும் கூடுவதால் சூடு தாங்கும். பின்தட்டின் துளைகள் ஆக்சிலில் பொருந்துமா, ரிம்முக்குள் இடம் இருக்கிறதா என்று அளந்த பிறகே வாங்க வேண்டும்.

பெரிய வீல் சிலிண்டரை மட்டும் போட்டு முடித்துக்கொள்ளும் சுருக்குவழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். 7/8 அங்குலத்திலிருந்து 15/16 அங்குலத்துக்குப் போனால் விட்டத்தில் சிறு வேறுபாடுதான். பரப்பில் ஏறக்குறைய 15 சதவீதம் கூடுகிறது. அந்த அளவுக்கு விசை கூடும், பெடலும் இன்னும் ஆழமாகப் போகும். ஈரச் சாலையில் காலி வண்டியின் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும் அபாயமும் சேர்ந்தே வரும்.

நீண்ட நாள் ஓட்டியதில் கண்டவை: புது லைனிங் டிரம்மில் முழுதாகப் படிய நான் எண்ணியதைவிட நெடுங்காலம் பிடித்தது, அதுவரை பிடிப்பு சுமார்தான். படிந்த பிறகு பெடலின் உயரம் மாறவே இல்லை. சுமையோடு நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி விரியும்போது பெடல் சற்று இறங்குவது இன்னும் இருக்கிறது, ஆனால் பழைய டிரம்மில் இருந்ததில் பாதிகூட இல்லை. நீரில் இறங்கி ஏறினால் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி உலர்த்தியே ஆக வேண்டும். இரவெல்லாம் ஈரத்தில் நின்றால் காலையில் முதல் மிதி முரட்டுத்தனமாகப் பிடிக்கும். முன் பேடுகளின் ஆயுள் நன்றாகவே கூடியிருக்கிறது.

டிஸ்க்குக்கு மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தினமும் மலைச்சாலையில் முழுச்சுமையோடு இறங்குபவருக்கு அது உதவும். அப்படி மாறினால் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் சிலிண்டர்), முன்-பின் அழுத்தச் சமநிலை, ஹேண்ட் பிரேக் மூன்றையும் புதிதாகப் பார்க்க வேண்டும். டிரம் காலாவதியான பொருள் என்ற பேச்சை மட்டும் ஏற்க முடியாது. 2020-இல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் ஐடி.3 என்ற மின்காரின் பின்சக்கரங்களில் இருப்பதும் டிரம்தான்.

என் வண்டியில் இன்னும் மாற்றாமல் இருப்பது ஹேண்ட் பிரேக் கேபிள் ஒன்றே. அதன் உறை ஒரு வளைவில் வெடித்து நீர் புகத் தொடங்கியிருக்கிறது. லீவரை விட்டாலும் வலப்பக்க ஷூ தாமதமாகத்தான் திரும்புகிறது. அடுத்து டிரம் கழற்றும்போது இரண்டு பக்கக் கேபிள்களையும் சேர்த்து மாற்றப் போகிறேன்.