நல்லர்பாரா, நிங்கலூவா? அளவான பணத்தில் ஒரு கூடாரப் பயணம்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து கூடாரத்தையும் அடுப்பையும் காரில் ஏற்றிக்கொண்டு நெடும்பயணம் கிளம்புகிறவர்களுக்கு முன்னால் இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. ஒன்று, கிழக்கே நல்லர்பார் சமவெளியைக் கடந்து அடிலெய்டு போவது. மற்றொன்று, மேற்குக் கடற்கரையை ஒட்டியே வடக்கே ஏறி, நிங்கலூ பவளப்பாறைத் தொடரை ஒட்டிய எக்ஸ்மவுத் ஊர் வரை போவது. கையில் பணம் அளவாக இருந்தால் நான் வடக்கைத்தான் சொல்வேன். ஆனால் அதற்குக் காரணம் பலரும் நினைப்பதுபோல் பெட்ரோல் செலவு அல்ல.

கணக்கைப் பாருங்கள். பெர்த்திலிருந்து அடிலெய்டு ஏறத்தாழ 2,700 கி.மீ. எக்ஸ்மவுத் ஏறத்தாழ 1,250 கி.மீ.; போய்த் திரும்பினால் 2,500. நூறு கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடிக்கும் வண்டி என்றால் இரண்டிலும் 250, 270 லிட்டர்தான். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் வித்தியாசமே இல்லாமல் போகும். நல்லர்பாரில் நார்ஸ்மனுக்கும் செடுனாவுக்கும் நடுவே 1,200 கி.மீ. தூரத்துக்கு, சாலையோரம் பெட்ரோலும் சாப்பாடும் விற்கும் ரோடுஹவுஸ்களை விட்டால் வேறு பங்க் கிடையாது. அங்கே விலை கடுமையாக ஏறியிருக்கும். வடக்கு வழியில் ஜெரால்டன், கார்னார்வன் போன்ற ஊர்களில் ஓரளவு நியாயமான விலைக்கு நிரப்பிக்கொள்ளலாம்.

உண்மையான இடி அடிலெய்டு போய்ச் சேர்ந்த பிறகுதான் விழும். சொந்தக் கார் என்றால் வந்த வழியே திரும்ப வேண்டும். மொத்தம் 5,400 கி.மீ. வாடகை வண்டி என்றால் ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விடுவதற்குத் தனிக்கட்டணம் கேட்பார்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஓர் ஊரில் தேங்கிய வண்டிகளை இன்னோர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, வாடகை நிறுவனங்கள் சில சமயம் நாளுக்கு ஒரு டாலர் போன்ற விலைக்குக் கொடுக்கின்றன. அது கிடைத்தால் நல்லர்பார்தான் மலிவு, சந்தேகமில்லை. ஆனால் இத்தனை நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்ற கெடு இறுக்கமாக இருக்கும். வழியில் ஆற அமர நிற்க முடியாது.

இரவுத் தங்கலில் நல்லர்பார் ஜெயிக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் எல்லைக்குள் 24 மணி நேரம் தங்கலாம் என்று பலகை வைத்த ஓய்விடங்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் உண்டு, காசு வேண்டாம். நெடுஞ்சாலையை விட்டுத் தள்ளி உள்ளே நிறுத்துவது நல்லது. இல்லையென்றால் குளிர்சாதனப் பெட்டி பொருத்திய லாரி பக்கத்தில் வந்து நின்று, அதன் மோட்டார் விடியும்வரை உறுமிக்கொண்டிருக்கும். தரை முழுக்கச் சுண்ணாம்புக்கல். கூடாரத்தோடு வரும் மெல்லிய அலுமினிய முளைகள் இரண்டாவது அடியிலேயே வளைந்துவிடும். தடித்த இரும்பு முளைகளும் கனமான சுத்தியலும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சமவெளிக் காற்றுக்கு அவை வேண்டும். குடிநீரை ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டராவது கணக்கிட்டு நார்ஸ்மனிலேயே நிரப்பிவிடுங்கள். நடுவழியில் தண்ணீரே அரிது. இலவசமாகக் கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது.

வடக்கில் தங்கக் காசு கொடுக்க வேண்டும். எக்ஸ்மவுத்தை ஒட்டிய கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவில் தலைக்கு இவ்வளவு என்று இரவுக் கட்டணம், வண்டிக்கு நுழைவுக் கட்டணம் தனி. குடிநீர் இல்லை, மின்சாரம் இல்லை, விறகு மூட்டித் தீ வளர்க்கவும் அனுமதி இல்லை. இத்தனைக்கும் பிறகு அங்கே போகச் சொல்வதற்குக் காரணம், கூடாரத்திலிருந்து நடந்தே கடலுக்குப் போய்விடலாம் என்பதுதான். பவளப்பாறை கரைக்கு அத்தனை அருகில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையின் பெருந்தடுப்புப் பவளத்திட்டைப் பார்க்கப் பெரும்பாலும் படகுக்குப் பணம் கட்ட வேண்டும். இங்கே ஒரு முகமூடியும் மூச்சுக்குழாயும் போதும். டர்க்வாய்ஸ் விரிகுடாவில் தெற்கு முனையில் இறங்கினால் நீரோட்டமே உங்களை வடக்கே மெதுவாகத் தள்ளிக்கொண்டு போகும். கீழே பவளமும் மீன்கூட்டமும் நகர்ந்துகொண்டே இருக்கும். கையை அசைக்கக்கூட வேண்டாம். ஆனால் மணல்திட்டு வருவதற்கு முன்பே கரையேறிவிட வேண்டும். அதைத் தாண்டினால் அதே நீரோட்டம் பாறை இடைவெளி வழியாக நடுக்கடலுக்கு இழுத்துவிடும். நீச்சல் தெரியாதவர்கள் அங்கே இறங்கவே வேண்டாம். மார்ச் முதல் ஜூலை வரை வரும் திமிங்கலச் சுறாவோடு நீந்தப் படகுக்காரர்கள் பல நூறு டாலர் கேட்பார்கள். அளவான பணத்தில் வந்தவர்கள் அதைத் தயங்காமல் விட்டுவிடலாம். வழியில் ஷார்க் விரிகுடாவில் மணலுக்குப் பதில் சிறு வெள்ளைச் சிப்பிகளே மீட்டர் கணக்கில் குவிந்த ஷெல் பீச் இருக்கிறது.

நல்லர்பாரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே சாலை 146.6 கி.மீ. தூரம் ஒரு வளைவுகூட இல்லாமல் நீள்கிறது. தெற்கு ஆஸ்திரேலிய மாநில எல்லை தாண்டியதும் பண்டா செங்குத்துப்பாறைகள். தரை திடீரென்று அறுந்து நேரே கீழே தெற்குக் கடல். அங்கே ஹெட் ஆஃப் பைட் என்ற கடலோர இடத்தில் ஜூன் முதல் அக்டோபர் வரை குட்டி போட வரும் திமிங்கலங்களைப் படகில்லாமல் மேலிருந்தே பார்க்கலாம். ஆனால் இந்த இடங்களுக்கு நடுவே ஓட்ட வேண்டிய தூரம்தான் சிக்கல். அந்தி சாய்ந்தால் கங்காருக்கள் சாலைக்கு வரும். பல வாடகை ஒப்பந்தங்கள் ஊருக்கு வெளியே இரவில் ஓட்டத் தடை போடுகின்றன. திமிங்கலக் காலமோ குளிர்காலம், பகல் குறுகியது. அதனால் பொழுதின் பெரும்பகுதி ஸ்டீயரிங் பிடித்தே கழியும். வடக்கில் இரண்டு நாள் ஓட்டிவிட்டு நான்கு நாள் ஒரே இடத்தில் கூடாரமடித்துக் கிடக்கலாம். செலவழிக்கிற காசுக்கு வண்டி ஓட்டாமல் அனுபவிக்கும் நாள்கள் அதிகம் கிடைக்கின்றன. எனக்கு வடக்கு மலிவாகப் படுவதற்குக் காரணம் இதுதான்.

சமையலிலும் ஒரு வேறுபாடு. கிழக்கே போகிறவர்களைச் செடுனாவில் நிறுத்தி, பழ ஈ பரவாமல் தடுக்கப் பழம், காய்கறிகளைச் சோதித்துப் பறித்துக்கொள்வார்கள். தக்காளி, பச்சைமிளகாய், எலுமிச்சை எதுவும் தப்பாது. எதிர்த்திசையில் வருகிறவர்களுக்கு எல்லையிலேயே சோதனை, தேன்கூடப் போய்விடும். வீட்டிலேயே தக்காளித் தொக்கைச் சுண்டக் கிளறி எடுத்துப்போவது நல்லது. வடக்கு வழியில் இந்தத் தொல்லை இல்லை. கார்னார்வனில் வாழைத்தோட்டங்களே இருக்கின்றன, காய்கறியும் தாராளம்.

வேலை மாறி அடிலெய்டுக்கோ மெல்போர்னுக்கோ குடிபெயர்கிறவர்கள் யோசிக்காமல் நல்லர்பாரில் போங்கள்; முன்பதிவுகூடத் தேவையில்லை. விடுமுறைக்காக மட்டும் என்றால் ஏப்ரல் முதல் அக்டோபருக்குள் வடக்கே போங்கள். அங்கே கோடையான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும், புயல் பருவமும் அப்போதுதான். கேப் ரேஞ்ச் கூடாரத் தளங்களுக்கு 180 நாள் முன்பே பதிவு திறந்துவிடும். ஜூலைப் பள்ளி விடுமுறைக்கு இடம் வேண்டுமென்றால் ஜனவரியிலேயே உட்கார்ந்து பதிவு செய்துவிடுங்கள்.