இலவசக் கரம்பை: 41 நடைக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

கண்மாயில் (ஏரியில்) கரம்பை, அதாவது வயலுக்கு அடிக்கும் வண்டல் மண், எடுக்க அனுமதி வாங்கிய கதையை அன்றைக்கே எழுதச் சொல்லி அக்கா மகன் நச்சரித்தான். நான்தான் தள்ளிப் போட்டேன். செல்போன் வாங்கினால் மறுநாளே நட்சத்திரம் போட்டுவிடலாம். மண்ணுக்கு ஒரு வெள்ளாமையாவது பார்க்க வேண்டாமா? தை அறுப்பு முடிந்து நெல்லும் மூட்டை கட்டியாயிற்று. சரி, இப்போது எழுதுகிறேன்.

முதலில் சேவை என்ன என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசின் இயற்கை வளங்கள் துறைக்குக் கீழே புவியியல் மற்றும் சுரங்கத் துறை இருக்கிறது. கல் குவாரி, கிராவல், களிமண் எல்லாம் அவர்கள் கணக்கு. கண்மாயில் கிடக்கும் வண்டல்கூட சட்டப்படி சிறுகனிமம்தான். 1959ஆம் வருடத்துச் சிறுகனிமச் சலுகை விதிகளின்படி அதை அள்ள அனுமதி வேண்டும். முன்பெல்லாம் இதற்கு மாவட்ட ஆட்சியர் வரை கோப்பு போக வேண்டும். 2024 ஜூலையில் அந்த அதிகாரத்தை வட்டாட்சியரிடம் இறக்கிவிட்டார்கள். விவசாயிகளும் மண்பாண்டம் செய்பவர்களும் தங்கள் வட்டத்துக்குள் இருக்கும் கண்மாயில் கட்டணம் இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். விண்ணப்பம் இ-சேவை வழியாக. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90, மண்பாண்டத் தொழிலுக்கு 60.

பழைய முறையில் நான் 2018இல் ஒரு தடவை மனு கொடுத்துப் பார்த்தவன். சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊரிலிருந்து ஆட்சியர் அலுவலகம் போய் வர ஒரு நாள் கழிந்துவிடும். மூன்று தடவை போனேன். நான்காவது தடவை போக நினைத்தபோது கண்மாயில் தண்ணீர் வந்துவிட்டது. ஆகவே புது முறை என்றதும் நம்பிக்கை பாதி, நக்கல் பாதியாகத்தான் ஜூலை மூன்றாவது வாரம் இ-சேவை மையத்துப் படி ஏறினேன்.

அங்கே கணினியில் உட்கார்ந்திருந்த பெண் படு சுறுசுறுப்பு. ஆதார், சிட்டா, அடங்கல் என்று ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டு, "அண்ணே, கண்மாய் பேரு?" என்றாள். பெரிய கண்மாய் என்றேன். பட்டியலில் அப்படி ஒரு கண்மாய் இல்லை. எந்தெந்தக் கண்மாயில் மண் எடுக்கலாம் என்று மாவட்ட அரசிதழில் வெளியிட்டிருப்பார்கள், அதில் இருந்தால்தான் விண்ணப்பமே நகரும். மேலும் கீழும் தேடினாள். எங்கள் ஊர்ப் பெயரில் ஒன்றுமே இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர் இருமிக் காட்டத் தொடங்கிவிட்டார்.

கிராம உதவியாளரான தலையாரிக்குப் போன் போட்டேன். சிரித்தார். "அது நமக்குத்தான்ணே பெரிய கண்மாய். ரெக்கார்டுல அது பக்கத்து ஊருப் பேருல இருக்கு." நாலு தலைமுறையாக எங்கள் கரை, எங்கள் மடை என்று பேசிக்கொண்டிருந்த கண்மாய்க்குத் தாளில் வேறு ஊர்ப் பெயர். சர்வே எண்ணை அவர் வாயாலேயே சொல்லி முடித்தார். விண்ணப்பம் ஏறியது. ஆகவே நீங்கள் போகும்போது கண்மாயின் பெயரை நம்பாதீர்கள், சர்வே எண்ணோடு போங்கள்.

அடுத்தது நஞ்சை, புஞ்சை விவகாரம். எனக்கு இரண்டு ஏக்கர். ஒன்று செவக்காடு, அதாவது செம்மண் நிலம், அது ஆவணத்திலும் புஞ்சை. இன்னொன்று கண்மாய்ப் பாசனத்தில் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். ஆவணத்தில் சுத்த நஞ்சை. ஆனால் அந்தக் கடைமடைக்குத் தண்ணீர் ஒழுங்காக வந்து பல வருடம் ஆயிற்று, மழையை நம்பித்தான் விதைக்கிறேன். அளவு நிர்ணயிப்பது தாள் என்பதால் அதற்கு 75தான். கடைமடைக்காரனுக்குத்தான் கரம்பை அதிகம் தேவை. மண்ணில் ஈரம் நின்றால்தானே அவன் பயிர் நிற்கும்? இதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னேன். நல்ல மனிதர், கேட்டுக்கொண்டார். "அடங்கல்ல நஞ்சைன்னு இருக்கே சார், நான் என்ன எழுத முடியும்?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அதற்கு மேல் நான் பேசவில்லை.

எனக்குக் கூட்டுப் பட்டா இல்லை, தப்பித்தேன். என்னோடு விண்ணப்பித்த பெரியப்பா மகனுக்குப் பட்டாவில் ஐந்து பேர் பெயர். ஒருவர் திருப்பூரில், ஒருவர் துபாயில். அவர் ஒப்புதல் கடிதம் சேர்த்துக் கொடுப்பதற்குள் நான் மண் அடித்து முடித்துவிட்டேன்.

இனி காத்திருப்பு. கணினியில் ஏற்றியது ஒரு மணி நேரம். ஆணை வந்தது 19ஆம் நாள். இடையில் என்ன நடந்தது என்றால், கிராம நிர்வாக அலுவலர் பார்க்க வேண்டும், வருவாய் ஆய்வாளர் பார்க்க வேண்டும், கண்மாயைப் பராமரிக்கும் துறையும் இடத்தைக் காட்ட வேண்டும். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். எங்களுடையது நீர்வளத் துறையுடையது. அவர்கள் ஆள் ஒருவர், கண்மாய்கள் நிறைய. செல்போனில் "பரிசீலனையில்" என்ற ஒரே வரியை 19 நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் மேசையில் நிற்கிறது என்று அந்த வரி சொல்லியிருந்தால் அவரைப் போய்ப் பார்த்திருப்பேன். இந்தச் சேவையில் எனக்குப் பெரிய குறை இதுதான். ஒருவரும் காசு கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேட்பார்கள் என்று சட்டைப் பையில் தயாராகப் போனவன் நான், அதை எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆணையில் நிபந்தனைகள் வரிசையாக இருந்தன. கரையை ஒட்டி வெட்டக் கூடாது, மடைக்கும் உபரித் தண்ணீர் வழியும் கலுங்குக்கும் பக்கத்தில் கூடாது, குறித்த ஆழத்துக்குக் கீழே போகக் கூடாது, எடுத்த மண்ணை விற்கக் கூடாது. எல்லாம் நியாயமான நிபந்தனை. சவுடு (நிரப்பு மண்) என்று சீட்டு வாங்கிவிட்டு அடியில் இருக்கும் மணலை அள்ளிய கதைகள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனவைதானே. கண்டிப்பு இருக்கட்டும்.

மண் அடித்த நாளைப் பற்றி எழுதாமல் விட முடியாது. ஆகஸ்ட் மாதம், விடிகாலை ஐந்தரைக்குக் கண்மாயின் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் உட்பகுதியில், ஜேசிபி இறங்கியது. மச்சானுடைய டிராக்டர் ஒன்று, வாடகைக்கு இரண்டு. டிரெய்லர் பாடியை நானே டேப் வைத்து அளந்தேன். நீளம் 10 அடி, அகலம் 6, உயரம் ஒன்றேமுக்கால். 105 கன அடி, ஏறக்குறைய ஒரு யூனிட். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆணையில் கன மீட்டர், டிராக்டர்காரர் வாயில் யூனிட், எங்கள் அம்மா வாயில் வண்டி. அந்தக் கணக்கில் நஞ்சைக்கு 26 நடை, புஞ்சைக்கு 32 நடை வரும்.

முதல் இரண்டு நடை போனதும் அம்மா வரப்பில் வந்து உட்கார்ந்தார். ஒரு கை மண்ணை எடுத்துப் பிசைந்தார், முகர்ந்தார். "இது எங்கடா எடுத்தீங்க? மேலே வெள்ளையாப் பூத்திருக்குற பக்கமா? உப்பா இருக்கும்டா, பயிரு கருகும்." உண்மைதான், ஜேசிபிக்காரர் வண்டி திருப்பத் தோதான இடத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். ஆணையில் காட்டிய எல்லைக்குள்ளேயே இன்னும் கொஞ்சம் பள்ளத்துக்கு நகரச் சொன்னேன். அங்கே கறுப்பாக, காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது அசல் கரம்பை. உவர் எது, கரம்பை எது என்று அனுமதித் தாளில் ஒரு வரி இல்லை. கொடுக்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே கன மீட்டர். வேளாண்மைத் துறை மண் பரிசோதனைச் சீட்டையும் இதோடு கோத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அப்புறம் காசுக் கணக்கு. இலவசம் என்ற சொல்லைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். மண்தான் இலவசம். ஜேசிபி ஆறு மணி நேரம், மணிக்கு 1,300 வீதம் 7,800. டிராக்டர் நடைக்கு 450, 41 நடைக்கு 18,450. பிளேடு போட்டு நிரவ 2,000. ஆக 28,250 ரூபாய், டீயும் வடையும் தனி. எனக்கு அனுமதி 58 நடைக்கு இருந்தது. 41ஆவது நடை முடிந்த சாயங்காலம் இடி இடித்து ஒரு உழவு மழை பெய்தது. மறுநாள் உள்வாயில் டிராக்டர் சக்கரம் புதைந்தது. மீதி 17 நடை கண்மாயிலேயே கிடக்கிறது. அந்த 19 நாளில் நாலு நாள் குறைந்திருந்தால்கூட அதையும் அடித்திருப்பேன்.

ஒரு ஏக்கருக்கு 90 கன மீட்டரைப் பரப்பினால் எவ்வளவு கனம் வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டேகால் சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு அங்குலத்துக்கும் குறைவு. இதற்கா இவ்வளவு பாடு என்று எனக்கே தோன்றியது. ஆனால் கார்த்திகையில் மழை பன்னிரண்டு நாள் விட்டது. செவக்காட்டில் கடலை போட்டிருந்தேன். கரம்பை விழுந்த பாதியில் செடி மதியம் இரண்டு மணிக்கும் இலை விரித்து நின்றது. விழாத பாதி காலை பத்துக்கே சுருண்டது. நடுவில் கோடு கிழித்த மாதிரி இருந்தது. கடைமடை நெல்லில் போன வருடம் 18 மூட்டை, இந்தத் தடவை 22. மழையும் போன வருடத்தைவிடத் தேவலை, ஆகவே நாலு மூட்டையையும் கரம்பைக் கணக்கில் எழுத மாட்டேன்.

மண் எடுக்க அதே நாளில் மானாமதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த மண்பாண்டக்காரர் ஒருவரைப் பார்த்தேன், எழுபது வயது இருக்கும். அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "அறுபது கன மீட்டரு எனக்கு ஏகப்பட்டது தம்பி. எனக்கு அளவு பிரச்சினை இல்ல, இடம்தான் பிரச்சினை. பானைக்குத் தோதான களி ஒரு மூலையிலதான் கிடக்கு. அவங்க காட்டுறது வேற மூலை." விவசாயிக்கு ஒரு மூலை போனால் இன்னொரு மூலை. அவருக்கு அப்படி இல்லை.

இதே துறையின் இன்னொரு வாசலையும் எட்டிப் பார்த்திருக்கிறேன். ஆட்சியர் அலுவலகத்தில் அரசுக் கல் குவாரி ஏலம் நடந்த ஒரு நாள், கிரஷர் வைத்திருக்கும் நண்பரோடு சும்மா போயிருந்தேன். அன்றைக்கு மூடி முத்திரையிட்ட ஒப்பந்தப்புள்ளியும் வாங்கினார்கள், நேரடி ஏலமும் கூறினார்கள். இரண்டில் எது உச்சமோ அவருக்குக் குவாரி. எடுத்தவரும் மறுநாளே வெடி வைக்க முடியாது. சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி எல்லாம் முடித்த பிறகுதான் குத்தகை ஆணை. அறிவிப்புப் பலகையில் சர்வே எண், பரப்பு, தேதி, நேரம் எல்லாம் துல்லியமாக ஒட்டியிருந்தது. பெட்டி எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்பதுகூட. என் விண்ணப்பம் எந்த மேசையில் என்பதைத்தான் சொல்ல ஆளில்லை. அந்த வாசலுக்கு நட்சத்திரம் போட எனக்கு அருகதை இல்லை, நான் வெறும் வேடிக்கை பார்த்தவன்.

கரம்பை அனுமதிக்கு ஐந்தில் மூன்றரை கொடுக்கிறேன். ஆட்சியர் அலுவலகம் வரை அலைய வேண்டியதில்லை என்பதற்கே இரண்டு. யாரும் கை நீட்டாததற்கு ஒன்று. அந்த இ-சேவைப் பெண்ணுக்கு அரை. பிடித்துக்கொண்ட ஒன்றரை, "பரிசீலனையில்" என்ற வரிக்கும் கடைமடை நஞ்சைக்கும்.

போகிறவர்கள் சித்திரையிலேயே மனு போட்டுவிடுங்கள், ஆடி வரை காத்திருக்காதீர்கள். ஆணையை மூன்று நகல் எடுத்து ஒன்றை ஜேசிபியில், ஒன்றை டிராக்டரில், ஒன்றை உங்கள் பையில் வையுங்கள். எங்களை ரோட்டில் இரண்டு தடவை நிறுத்தினார்கள், தாளைக் காட்டியதும் விட்டார்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், முதல் நடைக்கு முன்னாலேயே.