வேளாங்கண்ணியில் பூசைக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள், முக்கியமாக வயதான அப்பா அம்மாவைத் தனியாக அனுப்பி வைக்கிறவர்கள், ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். பூசைக் கருத்துக்கான, அதாவது யாருக்காக, எதற்காகப் பூசை வைக்கச் சொல்கிறோமோ அதற்கான காணிக்கையைத் திருத்தல அலுவலகத்துக்கு வெளியே யாரிடமும் கொடுக்காதீர்கள்.

அப்பாவின் நினைவு நாளுக்கு அங்கே பூசை வைக்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. மாதா குளத்துக்குப் போகும் மணற்பாதையை முழங்காலிட்டே கடந்துவிட்டு, களைத்துப்போய் நிழலில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அந்த ஆள் வந்தார். கழுத்தில் ஜெபமாலையோடு ஏதோ ஒரு அடையாள அட்டை, கையில் நீளமான நோட்டு.

"மரியே வாழ்க அம்மா. பூசைக்கு எழுதணுமா? ஆபீஸ்ல வரிசை ரொம்ப நீளம். நான் கோயில் ஆளுதான், இங்கேயே எழுதிடலாம்."

அப்பாவின் பெயர், இறந்த தேதி, எந்த ஊர், எந்தப் பங்கு (எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்) என்று பொறுமையாகக் கேட்டு எழுதினார். மறுநாள் காலை தமிழ்ப் பூசைக்கு என்று 1,000 ரூபாய். மெழுகுதிரிக்கும் மந்திரித்த எண்ணெய்க்கும் தனியாக 500. நோட்டிலிருந்து ஒரு துண்டு கிழித்து, ஒரு நம்பர் போட்டு, நீல மையில் முத்திரையும் குத்திக் கொடுத்தார். அந்த முத்திரையில் திருத்தலத்தின் பெயர் இல்லை, தேதி இல்லை. 'மரியே வாழ்க' என்று மட்டும் இருந்தது.

மறுநாள் பூசையில் கருத்துகளை வாசித்தபோது அம்மா கைகூப்பிக் காத்திருந்தார். அப்பா பெயர் வரவே இல்லை. அலுவலகத்தில் கேட்டோம். பதிவேட்டில் அப்படி ஒரு பெயரே இல்லை, வெளியே பணம் வாங்க நாங்கள் யாரையும் வைக்கவில்லை என்றார்கள். அந்த ஆளைத் தேடினோம், கிடைக்கவில்லை.

பணம் போனதை விடுங்கள். இறந்தவருக்காக ஒரு மனைவி கேட்ட ஜெபத்தை வைத்துப் பிழைப்பு நடத்துகிறார்களே, அதுதான் தாங்க முடியவில்லை. பூசைக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 947 தெளிவாகச் சொல்கிறது. வசதியில்லாதவர்களின் கருத்துக்காகக் காணிக்கை வாங்காமலேயே பூசை வைக்கும்படி குருக்களைக் கேட்டுக்கொள்கிறது 945. ஆகவே 'இவ்வளவு கொடுத்தால்தான் பெயர் வாசிப்பார்கள்' என்று எவராவது பேரம் பேசினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை லட்சக்கணக்கில் கூட்டம் வரும். இப்படிப்பட்டவர்களுக்கு அதுதான் வசதி. இந்து, முஸ்லிம் சகோதரர்களும் நேர்த்திக்கடனோடு நிறையப் பேர் வருகிறார்கள். பூசைக்கு எங்கே எழுதுவது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அவர்களைத்தான் இவர்கள் முதலில் மடக்குவார்கள்.

அலுவலகத்திலேயே எழுதுங்கள். திருத்தலத்தின் பெயர் அச்சிட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பூசை எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த மொழியில் என்பதை அப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் மட்டும் போவதாக இருந்தால், இறந்தவரின் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி, 'அலுவலகத்தில் மட்டும் கொடுக்கவும்' என்று அதன் மேலேயே குறித்துக் கொடுத்தனுப்புங்கள்.