வெனிஸ் தோர்சொதூரோவில் மீன் சாப்பிடப் போகிறவர்கள் கவனத்துக்கு

வெனிஸில் சான் மார்க்கோ சதுக்கத்துப் பக்கம் சாப்பிட்டால் பணத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். 2018-ல் நான்கு ஜப்பானிய மாணவர்களுக்கு அங்கே 1,100 யூரோ பில் போட்ட செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அதனாலேயே அம்மாவும் நானும் அந்தப் பக்கம் ஒரு காபிகூடக் குடிக்காமல், அக்காதெமியா மரப்பாலத்தைத் தாண்டி தோர்சொதூரோ என்ற பகுதிக்கு வந்தோம். மாட்டிக்கொண்டது இங்கேதான்.

ஊர்ப் பகுதி மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கா ஃபோஸ்காரி பல்கலைக்கழகமும் கவின்கலைக் கல்லூரியும் இங்கே இருப்பதால் எங்கு பார்த்தாலும் மாணவர்கள். அன்று பட்டம் வாங்கிய பெண் ஒருத்தி தலையில் இலைக்கிரீடத்தோடு தோழிகள் சூழப் போனாள். சான் த்ரோவாசோ கால்வாயின் எதிர்க்கரையில் கோண்டோலா செய்யும் பட்டறை. கவிழ்த்துப் போட்ட படகின் அடிப்பக்கத்தை ஒருவர் சுரண்டிக்கொண்டிருந்ததை அம்மா அரை மணி நேரம் நகராமல் பார்த்தார். இப்படிப்பட்ட இடத்தில் யார் ஏமாற்றப் போகிறார்கள் என்று நம்பியதுதான் நாங்கள் செய்த தப்பு.

மதியம் ஸாத்தெரே கரையில், தண்ணீரை ஒட்டிய ஓர் உணவகத்தில் உட்கார்ந்தோம். மெனுவில் ப்ரன்சீனோ மீனுக்கு நேரே 8.50 என்று இருந்தது. பக்கத்திலேயே பொடி எழுத்தில் ‘எத்தோ’. எத்தோ என்றால் 100 கிராம் என்பது எனக்கு அப்போது தெரியாது. சில இடங்களில் விலைக்குப் பதிலாக எஸ்.க்யூ. என்று மட்டும் போட்டிருக்கும். அதுவும் அளவைப் பொறுத்த விலைதான். எடைக்கு விற்பது அங்கே வழக்கம், அதில் திருட்டு இல்லை. எங்களுக்கு நடந்தது வேறு. “ரெண்டு பேருக்கும் ஒரே மீனா நல்லதா கொண்டு வர்றேன்” என்று பரிசாரகர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். மீனை எங்களிடம் காட்டவில்லை, எடையும் சொல்லவில்லை. முள் எடுத்து, இரண்டு தட்டில் இரண்டு துண்டாக வந்தது. ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு.

பில் 148.40 யூரோ. மீன் 1,300 கிராம் என்று 110.50. மேசைக் கட்டணம் ஆளுக்கு 4. தண்ணீர் 5. நாங்கள் கேட்காமலே வைத்த சாலட் 9. அதற்கு மேல் 12 சதவீத சேவைக் கட்டணம்.

நாற்பது வருஷமாக மீன் வாங்கி ஆய்கிற கை அம்மாவுடையது. பில்லைப் பார்த்ததும், “ஒன்னே கால் கிலோவுக்கு மேலயா? நம்ம கொடுவா மாதிரி மீன்தானே இது. தலை, முள்ளு எல்லாம் சேர்த்தாலும் அரைக் கிலோவைத் தாண்டாதுடி” என்றார். தலையையும் முள்ளையும் காட்டச் சொன்னேன். குப்பையில் போட்டாயிற்று என்றார்கள். கையிலிருந்த சீட்டிலோ இது வரி ரசீது அல்ல என்று அச்சடித்திருந்தது. இத்தாலியில் உணவகம் முறையான ரசீது கொடுத்தே ஆக வேண்டும். அதைக் கேட்டு, நிதிக் காவல்துறையின் 117-ஐக் கூப்பிடுகிறேன் என்று போனை எடுத்ததும் சாலட்டும் சேவைக் கட்டணமும் காணாமல் போயின. மீனின் எடையில் மட்டும் ஒரு கிராம்கூட இறங்கி வரவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் 123.50 கட்டிவிட்டு வந்தேன். அங்கேயே நின்று 117-க்கு அடித்திருக்க வேண்டும். இன்னும் மனசு ஆறவில்லை.

நீங்கள் போனால், மீன் அடுப்புக்குப் போவதற்கு முன்பே மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். எடையையும் மொத்த விலையையும் ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். கேட்காமல் வரும் தட்டைத் தொடாமல் திருப்பி அனுப்புங்கள். மேசைக் கட்டணம் மெனுவில் போட்டிருக்கிறதா என்று உட்காரும்போதே பாருங்கள்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் அந்தப் பக்கம் போனோம். சாந்தா மார்கெரீத்தா சதுக்கத்தின் பழைய கட்டடச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்ற அந்தக் காலத்துப் பட்டியல். ப்ரன்சீனோவுக்கு 7, விலாங்குக்கு 25. அதே சதுக்கத்து மீன் கடையில், அன்று எங்கள் தட்டுக்கு வந்த துண்டுகள் எந்த அளவு மீனில் தேறுமோ அந்த அளவில் ஒன்றை அம்மா கை காட்டினார். கடைக்காரர் எடுத்துத் தராசில் வைத்தார்.

520 கிராம்.