எரிந்த ஜெனரேட்டருக்கு வைண்டிங் கட்டி, இரண்டு மாரி தாண்டியாச்சு

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் திருகோணமலை உப்புவெளி வீட்டுக்கு வாங்கியது இந்த இரண்டரைக் கிலோவாட் பெற்றோல் ஜெனரேட்டர். பிறகு ஒரு நாள் மீன் பிரீசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணி மோட்டரையும் போட, வார்னிஷ் கருகிய நாற்றம் வந்து கரண்ட் நின்றுவிட்டது. என்ஜின் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. ரீவைண்டிங் (எரிந்த கம்பிச்சுற்றைக் கழற்றிப் புதுக் கம்பி சுற்றுவது) நிற்குமா, புதுசு எடுப்பதா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நாற்றம் எதுவும் இல்லாமல் கரண்ட் மட்டும் வரவில்லை என்றால் உடனே வைண்டிங்கைக் குறை சொல்லாதீர்கள், முதலில் வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏவிஆரையும், சுழலும் ரோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷையும் பாருங்கள், பல தடவை அதோடு முடிந்துவிடும். என்னுடையதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பின்மூடியைக் கழற்றினால் ஸ்டேட்டர் (சுழலாமல் நிற்கும் பகுதி) கம்பி ஒரு பக்கம் கரியாகி, மறுபக்கம் செம்பு நிறம் மாறாமல் கிடந்தது, இடுக்கெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இன்சுலேஷன் மெல்ல மெல்லச் செத்துவிடும். இப்படியான மோட்டர் எதுவானாலும் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், நலிந்து கிடந்த வைண்டிங்குக்கு அது போதும்.

முதலில் போன ரீவைண்டிங் கடையில் ஸ்டேட்டரை நெருப்பில் போட்டுக் கம்பியை உருவலாம் என்றார்கள். அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளே இருப்பது மெல்லிய தகடுகளின் அடுக்கு, தகட்டுக்குத் தகடு இடையிலுள்ள பூச்சு எரிந்துபோனால் எவ்வளவு நல்ல கம்பி சுற்றினாலும் சூடேறிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது கடை ஐயா கம்பி நுனியை பிளேட்டால் சுரண்டிக் காட்டினார், உள்ளே வெள்ளிபோல மின்னியது. "தம்பி, மேலதான் செம்பு நிறம், உள்ள அலுமினியம்." அதே தடிப்பில் அசல் செம்பு சுற்றினால் எதிர்ப்பு குறையும், சூடும் குறையும். கழற்றும்போதே ஒவ்வொரு கொயிலிலும் எத்தனை சுற்று என்று எண்ணி ஒரு அட்டையில் எழுதி வைத்தார், ஏவிஆருக்குப் போகும் சின்ன வைண்டிங்கையும் விடவில்லை. அந்தக் கணக்குப் பிசகினால் வோல்டேஜ் ஒழுங்காக நிற்காது. அப்புறம் வார்னிஷில் முக்கி, சூட்டறையில் வைத்துக் காயவிட்டார். கடை தேடுகிறவர்கள் விலையைக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள், தூரிகையால் மேலே பூசி வெயிலில் காயவைத்தால் எங்கள் ஊர்க் கடற்காற்றுக்குத் தாங்காது. பேட்டரி சார்ஜ் போடும் 12 வோல்ட் வைண்டிங்கை மட்டும் கட்டவில்லை, எனக்கு அது தேவையுமில்லை.

பூட்டி ஸ்டார்ட் பண்ணினால் மீற்றரில் ஒன்றுமில்லை! பயந்துவிட்டேன். கரண்ட் உண்டாகத் தொடங்கவே ரோட்டரில் கொஞ்சம் காந்தம் மிச்சமிருக்க வேண்டும், அது போய்விட்டதாம். ஐயா ஏவிஆர் வயரைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் பேட்டரியை பிளஸ் மைனஸ் பார்த்து பிரஷ்ஷில் ஒரு கணம் தொட்டார், பிறகு வயரை மாட்டியதும் 230 வந்து நின்றது.

இப்போது லோடு இல்லாமல் கரண்டின் அதிர்வெண் 52 ஹேர்ட்ஸ், பிரீசர் ஏறினால் வீட்டுக் கரண்டின் அளவான 50க்கு வரும். பிரீசர் கிளம்பி அடங்கிய பிறகுதான் மற்றது எதையும் போடுவது. முன்பு கை வைக்க முடியாத பின்மூடி இப்போது இளஞ்சூட்டோடு சரி. செலவு புதுசின் விலையில் பாதிகூட வரவில்லை. ஐப்பசி பிறக்கும் முன் மூடியைக் கழற்றி உப்பைத் தூரிகையால் தட்டி, பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுகிறேன். சத்தம்தான் குறையவேயில்லை, பக்கத்து வீட்டு அக்கா இன்னும் திட்டுகிறார்.