தாடை மூட்டு வலிக்குப் பல்லை அராவக் கொடுக்க முன் இதை வாசியுங்கள் (திருகோணமலை)

போன வருஷம் கடைசித் தவணையில்தான் தொடங்கியது. வாயைத் திறந்தால் வலது காதுக்கு முன்னால் 'டிக்' என்று சத்தம், இறைச்சி சப்பினால் காதுக்குள் குத்து. நாள் முழுக்க வகுப்பில் கத்துகிறதால் காது வருத்தமாக்கும் என்று அம்மா சொன்னா. காது டொக்டர், காதில் ஒன்றுமில்லை, பல்லைக் காட்டுங்கள் என்றார்.

நகரத்தில் ஒரு தனியார் பல் கிளினிக்குக்குப் போனேன். இரண்டு தாடையும் எல்லாப் பல்லும் ஒரே படத்தில் விழுகிற ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தார்கள். கொம்பியூட்டர் இரண்டு மூட்டையும் சுற்றிக் கோடு கீறி, வலது பக்கத்தைச் சிவப்பாகக் காட்டியது. "டீச்சர், மூட்டு தேஞ்சு சிறுத்துப் போச்சு, உள்ளுக்கு மெத்தை மாதிரி இருக்கிற தட்டும் விலகியிருக்கு. கடைவாய்ப் பல்லுகளை அராவிக் கடியைச் சமப்படுத்த வேணும்" என்றார் டொக்டர். அவர் கதிரையை விட்டு எழும்பவே இல்லை. என் தாடையில் கை வைக்கவில்லை, வாய் எவ்வளவு திறக்குது என்றும் பார்க்கவில்லை. அந்தச் சிவப்பைக் கண்டு பயந்து நானும் ஓம் என்றேன். மூன்று தடவையில் நாலு பல்லு அராவினார்கள், 46,000 ரூபா.

வலி கூடியது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எங்கே பொருந்துகின்றன என்றே தெரியவில்லை.

கடைசியில் அக்கா என்னை பேராதனைப் பல் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனா. அங்கே பார்த்த டொக்டர் படத்தைக் கடைசியாகத்தான் கேட்டா. முதலில் இரவில் பல் நெறுமுவேனா, விடிய எழும்பும்போது தாடை இறுகியிருக்குமா என்று விசாரித்தா. இரண்டு காதுக்கும் முன்னால் விரல் வைத்துத் திறந்து மூடச் சொன்னா. கன்னத்தையும் நெற்றிப் பொட்டையும் அமத்தினா. கன்னத்தில் அமத்தியதும் கத்திவிட்டேன், அதே வலி. அடிமட்டத்தால் அளந்தா, 31 மில்லிமீற்றர். பெரியவர்களுக்கு 40 அளவிலாவது திறக்க வேணுமாம்.

பிறகு படத்தை வைத்து விளங்கப்படுத்தினா. ஓபிஜி எடுக்கும்போது முன்பல்லால் ஒரு குச்சியைக் கடிக்கச் சொல்வார்களே, அப்போது கீழ்த்தாடை முன்னுக்கு வந்துவிடும். மூட்டு அதன் வழமையான இடத்தில் இருக்காது. தலை சற்றுத் திரும்பினாலே ஒரு பக்கம் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் விழும். மூட்டுக்குள் இருக்கும் தட்டு எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது, அதற்கு எம்ஆர்ஐ வேணும். அப்படியானால் "தட்டு விலகியிருக்கு" என்று அந்தப் படத்தை வைத்து எனக்கு எப்படிச் சொன்னார்கள்?

மென்பொருளில் எனக்குக் கோபமில்லை. எலும்பில் தேய்வு இருந்தால் அது சுட்டிக்காட்ட உதவும். ஆனால் எலும்பு தேய்ந்த எல்லாருக்கும் வலிப்பதில்லை, வலிக்கிற எல்லாருக்கும் எலும்பு தேய்ந்திருப்பதுமில்லை. தொட்டுப் பார்க்காமல் அந்த வித்தியாசம் தெரியாது.

எனக்கு இருந்தது பெரும்பாலும் தசை வலி. மென்மையான சாப்பாடு, சுடுதுணி ஒத்தடம், தாடைப் பயிற்சி, இரவில் கழற்றி மாட்டும் ஒரு பல் உறை. இரண்டு மாதத்தில் வாய் 41 திறந்தது. 'டிக்' சத்தம் இன்னும் இருக்கு. வலியில்லாத சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை என்றா. அராவிய பல்லின் எனாமல்தான் திரும்ப வளராது. குளிர்தண்ணி பட்டால் இப்பவும் கூசுது.

நேற்று எங்கட பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற கிண்ணியா டீச்சர் ஒராள் தன் படத்தைக் காட்டினா. அதே சிவப்பு வட்டம். அராவுவதற்குத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம். தாடையைத் தொட்டுப் பார்த்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றா.